லேத்துக்கு இன்வெர்ட்டர் போடலாம், பேக் கியரை மட்டும் கழட்டிடாதீங்க

பெரியப்பா வீட்டு பின்னாடி கொட்டகையில ஒரு லேத்து, அதாவது கடைசல் மிசின், நிக்குது. பிரிட்டன்ல செஞ்சது, பேரு பொறிச்ச தகடு எப்பவோ விழுந்து போச்சு, மூனு படி புல்லி, தட்டை பெல்ட்டு, பேக் கியர் (வேகத்தை இன்னும் பல மடங்கு குறைக்கிற கியரு), திருகி மாட்டுற சக்கு (கடையற சாமானை பிடிச்சு சுத்துறது). அவரு தோட்டத்து பட்டறையில பிட்டரா இருந்தவரு, பட்டறையை மூடுனப்ப பழைய இரும்புக்காரன் லோரியில ஏத்தறதுக்கு முன்னாடி எடைக்கு காசு குடுத்து வாங்கி வந்துட்டாரு. போன மழைக்காலத்துல மோட்டார் காயில் புகைஞ்சு போச்சு. "இன்வெர்ட்டர் போட்டுடலாம்டா, குமிழை திருப்பினா வேகம் கூடும், குறையும், பெல்ட்டு மாத்துற வேலையே இல்ல, அந்த பேக் கியரையும் கழட்டி வெச்சிடறேன், சத்தம் தாங்கல"ன்னாரு. முதல் பாதி சரி. ரெண்டாவது பாதியைத்தான் நிறைய பேரு தப்பா புரிஞ்சு வெச்சிருக்காங்க, நான் மில்லுல எலக்ட்ரிக்கல் பக்கம் வேலை செய்யிறவன், நானே ஒரு காலத்துல அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தேன்.

எங்க ஊரு மலேசியாவுல, சிலாங்கூர்ல இருக்கிற பத்தாங் பெர்ஜுந்தை. 2007-ல பெஸ்தாரி ஜெயான்னு பேரு மாத்துனாங்க, ஆனா பெருசுங்க வாயில இன்னும் பழைய பேருதான். நாட்டுல வியாபாரத்துக்குன்னு முதன்முதல்ல செம்பனை நட்டது இங்க பக்கத்துல தென்னமரம் தோட்டத்துல, 1917-ல. (பேரு தென்னமரம், நட்டது செம்பனை.) ரப்பரு, செம்பனை, ஈயக் கப்பல் (மிதந்துக்கிட்டே ஈய மண்ணை தோண்டுற மிசின்) மூனும் ஓடின வட்டாரம் இது, மூனுக்கும் பட்டறை இல்லாம முடியாது, பம்பு சாப்ட்டு தேஞ்சாலோ ரப்பர் ஷீட்டு உருட்டுற மிசின் புஷ்ஷு போனாலோ கோலாலம்பூர்ல இருந்து சாமான் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க முடியுமா, அதனால லேத்து இருக்கும். அப்புறம் 1985 அக்டோபர்ல ஈய விலை சரிஞ்சு கப்பலுங்க ஒன்னொன்னா நின்னுச்சு, ரப்பர் மரத்தை வெட்டி செம்பனை வெச்சாங்க, தோட்டங்க கைமாறுச்சு, பட்டறை மூடுச்சு, மிசினெல்லாம் வெளிய வந்துச்சு. இந்த மாதிரி ஊருல பழைய லேத்து கொட்டகையில நிக்கிறதுக்கு கதை இதுதான். அங்க இருந்தது மூனு பேஸ் 415 வோல்ட்டு, வீட்டுல இருக்கிறது ஒத்தை பேஸ். தகராறு இங்கதான் ஆரம்பிக்குது.

பெரியப்பா லேத்துல புகைஞ்சது ஒத்தை பேஸ் மோட்டாரு, முன்னாடியே யாரோ வீட்டு கரண்டுக்குன்னு மாத்திப் போட்டது. மறுபடியும் அதே மாதிரி ஒன்னு வாங்கி மாட்டுனா என்னன்னு கேட்கலாம். ஓடும். ஆனா ஒத்தை பேஸ் மோட்டார்ல இழுவை ஒரே சீரா வராது, நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்டுல செகண்டுக்கு 100 தடவை ஏறி இறங்கும், அந்த அதிர்வு பெல்ட்டு வழியா சக்குக்கு போயி கடைசல் பிடிச்ச சாமான் மேல மெல்லிசா வரிவரியா தெரியும். மூனு பேஸ் மோட்டார்ல மூனு அலையும் ஒன்னுக்கொன்னு ஈடுகட்டிக்கிறதால இழுவை சீரா இருக்கும், ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர் கிடையாது, உள்ள டக்குன்னு விழற சுவிச்சு கிடையாது, கெட்டுப்போக சாமானே கம்மி. இதே மிசின்ல மூனு பேஸ் மாத்துனதும் பெரியப்பா முதல்ல சொன்னது வேகத்தை பத்தி இல்ல, "பினிஷிங் பாருடா"ன்னுதான்.

இன்வெர்ட்டர்னு நாம சொல்றது வி.எஃப்.டி, மோட்டாருக்கு போற கரண்டோட ஹெர்ட்ஸை மாத்தி வேகத்தை மாத்துற பெட்டி. வீட்டுக்கு கரண்டு போனா பேட்டரியில இருந்து குடுக்குமே அந்த இன்வெர்ட்டர் இல்ல. இது உள்ள வர்ற ஒத்தை பேஸ் கரண்டை முதல்ல டி.சி ஆக்கும், 230 வோல்ட்டு உள்ள போனா ஏறக்குறைய 325 வோல்ட்டு டி.சி-யா பெரிய கெப்பாசிட்டர்ல நிக்கும், அப்புறம் ஆறு எலக்ட்ரானிக் சுவிச்சு அதை செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி மூனு பேஸா வெளிய விடும். எத்தனை ஹெர்ட்ஸ்ல விடணும்னு நாம சொல்லலாம். 4 போல் (நாலு காந்த முனை) மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸ் குடுத்தா உள்ள காந்தப்புலம் நிமிஷத்துக்கு 1500 சுத்து சுத்தும், மோட்டாரு கொஞ்சம் பின்தங்கி 1440-ல ஓடும், 25 ஹெர்ட்ஸ் குடுத்தா அதுல பாதி. ஹெர்ட்ஸ் குறையும்போது வோல்ட்டும் அதே கணக்குல குறையும், இல்லன்னா காயில் சூடாகி கருகிடும்.

இப்ப முக்கியமான இடம். ஹெர்ட்ஸை குறைச்சா வேகம் குறையும், மோட்டாரோட முறுக்கு, அதாவது டார்க்கு, ஏறக்குறைய அப்படியே இருக்கும். கூடாது. கியர்ல வேகத்தை குறைச்சா எவ்வளவு குறையுதோ அவ்வளவு மடங்கு முறுக்கு கூடும். ரெண்டும் வேகத்தை குறைக்குதுன்னு ஒன்னா நினைச்சுக்கிறோம், ஆனா சக்குல கிடைக்கிற பலம் ராத்திரிக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம்.

கணக்கு போட்டு பார்ப்போம், பெரியப்பா லேத்துலயே. 2 எச்பி மோட்டாரு, அதாவது 1.5 கிலோவாட்டு, 1440 ஆர்.பி.எம்-ல அதோட முறுக்கு சுமாரா 10 நியூட்டன் மீட்டர். பெல்ட்டு கடைசி படியில நாலுக்கு ஒன்னா குறையுது, அப்ப சக்கு 360-ல சுத்தும், முறுக்கு 40. பேக் கியர் போட்டா இன்னும் ஆறு மடங்கு குறைஞ்சு 60 ஆர்.பி.எம், முறுக்கு 240. சரி, பம்பு பிளாஞ்சு ஒன்னு, 200 மில்லிமீட்டர் விட்டம், மைல்டு ஸ்டீலு, எச்.எஸ்.எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல்ல முகம், அதாவது அதோட தட்டையான பக்கம், கடையணும்னு வெச்சுக்குவோம். நிமிஷத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம்னா ஓரத்துல 40 ஆர்.பி.எம் தான் வரும். பேக் கியரை கழட்டிட்டு இன்வெர்ட்டர்லயே 360-ஐ 40-க்கு கொண்டு வரணும்னா 5.6 ஹெர்ட்ஸ்ல ஓட்டணும், முறுக்கு அதே 40, மோட்டார்ல இருந்து கிடைக்கிற பவரு 1500 வாட்டு இல்ல, 170-ஐ தொடாது, வீட்டு மிக்சியை விட கம்மி. 2 மில்லி ஆழம், 0.2 மில்லி பீடு வெச்சா டூல் மேல ரஃப்பா 800 நியூட்டன் தள்ளும், மையத்துல இருந்து 100 மில்லி தள்ளி, ஆக 80 நியூட்டன் மீட்டர் வேணும். நம்மகிட்ட இருக்கிறது 40. இன்வெர்ட்டரு ஒரு நிமிஷத்துக்கு ஒன்றரை மடங்கு தாங்கும்னு போட்டிருப்பான், அப்பவும் 60 தான். சக்கு நின்னுடும். பேக் கியர் போட்டு 33 ஹெர்ட்ஸ்ல ஓட்டுனா அதே 40 ஆர்.பி.எம், முறுக்கு 240, பவரு 1000 வாட்டு, வெண்ணெயை வெட்டுற மாதிரி போகும்.

பெரியப்பா இதை காகிதத்துல பார்த்துட்டு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்ப இன்வெர்ட்டரு எதுக்குடா, வெட்டி செலவா?"ன்னாரு.

வெட்டி இல்ல பெரியப்பா. இவரு லேத்துல மொத்தம் ஆறு வேகம், பேக் கியர்ல 60, 100, 167, கியர் இல்லாம 360, 600, 1000. 167-க்கும் 360-க்கும் நடுவுல ஒன்னுமே கிடையாது, எத்தனையோ வேலைக்கு வேண்டியது அந்த 250 தான். இன்வெர்ட்டர்ல 25 ஹெர்ட்ஸ்ல இருந்து 75 ஹெர்ட்ஸ் வரைக்கும் விட்டா ஒவ்வொரு படியும் பாதியில இருந்து ஒன்றரை மடங்கு வரைக்கும் விரியும், 167 போயி 84-ல இருந்து 250 ஆகும், 360 போயி 180-ல இருந்து 540 ஆகும், நடுவுல ஓட்டையே இருக்காது. முகம் கடையும்போது டூல் மையத்தை நோக்கி போகப்போக ஒரு கையால குமிழை திருப்பி வேகத்தை ஏத்திக்கிட்டே போகலாம், நடுங்குற சத்தம் வந்தா கொஞ்சம் இறக்கினா நின்னுடும். மெதுவா கிளப்பும், பெல்ட்டு வழுக்காது. இதுக்குத்தான் இன்வெர்ட்டரு. பெல்ட்டும் கியரும் பெரிய அடி வைக்கும், குமிழு சின்ன அடி வைக்கும்.

50-க்கு மேல போறப்ப இன்னொரு விஷயம். சாதாரண இன்வெர்ட்டரு உள்ள வர்ற வோல்ட்டுக்கு மேல வெளிய குடுக்க முடியாது, அதனால 50-க்கு மேல ஹெர்ட்ஸ் கூடும், வோல்ட்டு கூடாது, முறுக்கு குறைய ஆரம்பிக்கும், 75-ல மூனுல ரெண்டு பங்கு. அது பரவாயில்ல. பரவாயில்லாதது ஸ்பிண்டில் பேரிங்கு. பழைய லேத்துல பல இடத்துல பால் பேரிங் கிடையாது, வெண்கலமோ ஒயிட் மெட்டலோதான், மேல எண்ணெய் சொட்டுற கிண்ணம் வெச்சது, அது 1000-க்குன்னு செஞ்சதுன்னா 1500-ல ஓட்டுனா சூடேறி பிடிச்சுக்கும். வார்ப்பிரும்பு சக்குக்கும் ஒரு அதிகபட்ச வேகம் இருக்கு, தாண்டுனா சிதறும், அதை பக்கத்துல நின்னு பார்க்க ஆசைப்படாதீங்க. கொல்செஸ்டர், ஹாரிசன் மாதிரி தலைக்குள்ள கியர் இருக்கிற மிசின்ல வேற மாதிரி சிக்கல், கியரு சுத்தி எண்ணெயை வாரி அடிச்சாதான் மேல இருக்கிற பேரிங்குக்கு எண்ணெய் போகும்னு இருந்தா, ரொம்ப மெதுவா ஓட்டுனா எண்ணெயே ஏறாது.

மோட்டாருக்கு வருவோம். ஒத்தை பேஸ் 230 வாங்குற சாதாரண இன்வெர்ட்டரு வெளிய குடுக்கிறதும் 230 மூனு பேஸ்தான், 415 வராது. (நம்ம நாட்டுல 2008-ல இருந்து பேரளவுக்கு 230/400-ன்னு மாத்திட்டாங்க, மீட்டர் வெச்சு பார்த்தா இன்னும் 240-ஐ சுத்தித்தான் காட்டும், பழைய மோட்டார் தகட்டுல 240/415-ன்னுதான் இருக்கும்.) அதனால தகட்டுல 230/400 டெல்ட்டா/ஸ்டார்னு (காயிலுங்களை இணைக்கிற ரெண்டு முறை, டெல்ட்டாவுக்கு 230, ஸ்டாருக்கு 400) போட்ட மோட்டாரா பார்த்து வாங்கணும், மூடியை திறந்தா ஆறு முனை இருக்கும், பித்தளை பட்டையை ஸ்டார்ல இருந்து டெல்ட்டாவுக்கு மாத்தி போடணும். கடையில இருந்து வரும்போது பெரும்பாலும் ஸ்டார்லதான் இருக்கும், நிறைய பேரு அதை அப்படியே இணைச்சுட்டு "இன்வெர்ட்டரு சரியில்ல, மோட்டாரு இழுக்க மாட்டேங்குது"ன்னு சொல்றாங்க. ஸ்டார்ல 230 குடுத்தா 29 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் ஒழுங்கா இழுக்கும், அதுக்கு மேல நோஞ்சான் ஆகி 50-ல இழுவை மூனுல ஒரு பங்கா நிக்கும். பெரிய மோட்டார்ல 400/690-ன்னு போட்டிருந்தா அது இந்த வேலைக்கே ஆகாது, மலிவா கிடைக்குதேன்னு தூக்கி வந்துடாதீங்க.

மிசினோட வந்த பழைய மூனு பேஸ் மோட்டாரு உங்ககிட்ட இருந்தா தூக்கிப் போட அவசரப்படாதீங்க. அதுல பெரும்பாலும் மூனே மூனு வயருதான் வெளிய வந்திருக்கும், ஸ்டார் முடிச்சு காயிலுக்குள்ளேயே கட்டியிருக்கும், காயில் கட்டுறவருகிட்ட குடுத்தா அந்த முடிச்சை தோண்டி பிரிச்சு இன்னும் மூனு வயரை வெளிய எடுத்து குடுப்பாரு. ஆனா அந்த காலத்து இன்சுலேஷன் கிளாஸ் ஏ-வோ ஈ-யோதான், 105 இல்ல 120 டிகிரி தாங்கும், இப்ப வர்ற கிளாஸ் எஃப் 155 தாங்கும், அதோட இன்வெர்ட்டர்ல இருந்து வர்றது வழவழன்னு அலை இல்ல, வெட்டி வெட்டி வர்ற கூர்மையான துடிப்பு, வயசான வார்னிஷை அது தின்னும். 230 இன்வெர்ட்டர்ல 400-ல இருக்கிற அளவுக்கு மோசம் இல்ல, வயரை நீளமா இழுக்காம பக்கத்துலயே வெச்சா நல்லா ஓடும். மெக்கர் (இன்சுலேஷன் நல்லா இருக்கான்னு பார்க்கிற மீட்டர்) வெச்சு பார்க்காம மட்டும் இணைக்காதீங்க.

நாங்க புதுசுதான் வாங்குனோம், 1.5 கிலோவாட்டு, 4 போல், 90எல் பிரேம், சாப்ட்டு 24 மில்லி. பழைய புல்லி ஓட்டை இஞ்சு அளவு, முக்கால் இஞ்சுக்கு மேல எட்டுல ஒரு பங்கு, 22.2 மில்லி. புல்லியை 24-க்கு குடையணும். குடைய லேத்து வேணும். லேத்துக்கு மோட்டாரு இல்ல. பெரியப்பா நாப்பது வருஷமா ஊருக்கே கடைசல் பிடிச்சு குடுத்தவரு, புல்லியை பையில போட்டுக்கிட்டு ராவாங்ல வேற ஒரு பட்டறை வாசல்ல போயி நின்னாரு, திரும்பி வர்ற வரைக்கும் கார்ல ஒரு வார்த்தை பேசல. நீங்க மோட்டாரு வாங்குறதுக்கு முன்னாடியே, பழசு ஓடும்போதே, இந்த வேலையை முடிச்சு வெச்சுக்குங்க.

டிரெட்மில் மோட்டாரை பத்தி கேட்பாங்க. மேல 2.5 எச்பின்னு எழுதியிருக்கும், அது நாலாயிரம் ஆர்.பி.எம்-க்கு மேல ஓடும்போது உள்ள கணக்கு, உடம்பு திறந்து இருக்கும், இரும்புத்தூள் நேரா உள்ள போகும். சின்ன மேசை லேத்துக்கு சரி.

இன்வெர்ட்டரை கிலோவாட்டு பார்த்து வாங்காதீங்க, வெளிய எத்தனை ஆம்ப் குடுக்கும்னு பாருங்க. 1.5 கிலோவாட்டு மோட்டாரு டெல்ட்டாவுல சுமாரா 6 ஆம்ப் இழுக்கும், 7.5 ஆம்ப் குடுக்கிற இன்வெர்ட்டரு போதும். ஆன்லைன்ல சில நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) 2.2 கிலோவாட்டுன்னு எழுதி பேரே இல்லாத பெட்டி வருது, என் கூட்டாளி ஒருத்தன் அப்படி ஒன்னு வாங்கினான், கூட வந்த புத்தகத்துல எழுதியிருந்த நம்பரும் உள்ள இருந்த செட்டிங் நம்பரும் ஒத்தே போகல, ரெண்டு ராத்திரி அதோட மல்லுக்கட்டுனான். என்னை கேட்டா நூறு எரநூறு கூட போனாலும் புத்தகம் ஒழுங்கா இருக்கிற பிராண்டா வாங்குங்க, சென்சார்லெஸ் வெக்டார்னு ஒரு செட்டிங் இருந்தா இன்னும் நல்லது, அடி வேகத்துல மோட்டாரு தடுமாறாம இழுக்கும்.

கரண்டு பக்கம். 1.5 கிலோவாட்டு இன்வெர்ட்டரு ஒத்தை பேஸ்ல இருந்து 15 ஆம்ப் போல வாங்கும், 13 ஆம்ப் பிளக்குல சொருகுற சமாச்சாரம் இல்ல, மெயின் பெட்டியில இருந்து தனியா 20 ஆம்ப் லைன் இழுக்கணும், லைசென்ஸ் உள்ள வயர்மேன் வெச்சு. இ.எல்.சி.பி (கரண்டு கசிஞ்சா தானா அறுக்கிற சுவிச்சு) சும்மா சும்மா விழுந்தா காரணம் பெரும்பாலும் இன்வெர்ட்டருக்குள்ள இருக்கிற பில்ட்டரு, அது கொஞ்சம் கரண்டை எர்த்துக்கு விடும். அதுக்காக இ.எல்.சி.பி-யை கழட்டி நேரா இணைக்கிற ஆளுங்க இருக்காங்க, வேணாம், கசிவு கம்மியா உள்ள பில்ட்டரா மாத்தலாம், புத்தகத்துல சொல்லியிருந்தா பில்ட்டரோட எர்த் ஸ்க்ரூவை எடுக்கலாம். மோட்டார் உடம்புல இருந்து எர்த் வயரு மட்டும் எப்பவும் இருக்கணும். ஆஃப் பண்ணுன உடனே மூடியை திறந்து கையை விடாதீங்க, அந்த 325 வோல்ட்டு கெப்பாசிட்டர்ல உக்காந்திருக்கும், பத்து நிமிஷம் போகட்டும்.

லேத்து முன்னாடி இருக்கிற பழைய முன்னே பின்னே சுவிச்சை இன்வெர்ட்டருக்கும் மோட்டாருக்கும் நடுவுல விட்டுடாதீங்க. ஓடிட்டு இருக்கும்போது நடுவுல அறுத்தா இன்வெர்ட்டரு செத்துடலாம். அதே சுவிச்சை சின்ன வோல்ட்டு சிக்னல் வயரா மாத்தி கண்ட்ரோல் முனையில இணைக்கலாம், பார்க்க பழைய மாதிரியே இருக்கும். ஆனா கரண்டு போயி திரும்ப வர்றப்ப, சுவிச்சு முன்னே பக்கமே நின்னுட்டு இருந்தா, சில இன்வெர்ட்டரு தானா ஓட ஆரம்பிச்சிடும். சக்குல சாவியை விட்டுட்டு டீ குடிக்க போனவன் கதி என்ன? அதனால அமுக்கி விடுற பட்டன் போட்டு, விட்ட இடத்துல இருந்து தானா ஓடாத மாதிரி செட்டிங் வெச்சோம், எமர்ஜென்சி பட்டனை தனியா மெயின் கரண்டை அறுக்கிற மாதிரி போட்டோம்.

திருகி மாட்டுற சக்குக்கு ஒரு எச்சரிக்கை. இன்வெர்ட்டர்ல ஒரு செகண்டுல நிறுத்துன்னு வெச்சா மோட்டாரு நின்னுடும், சக்கு நிக்காது, திருகு அவிழ்ந்து மடியில வந்து விழும். பின்னே ஓட்டி கடையறதும் அதே ஆபத்து. நிக்கிறதுக்கு அஞ்சு ஆறு செகண்டு குடுங்க. அவசரமா நிறுத்துனா சக்கோட வேகம் கரண்டா திரும்பி வந்து டி.சி வோல்ட்டு ஏறி இன்வெர்ட்டரே கத்திட்டு நின்னுடும், அதுக்கு பிரேக் ரெசிஸ்டர் இருக்கு, சக்கு போல்ட்டு போட்டு பிடிக்கிற வகையா இருந்தா மட்டும் அதை யோசிக்கலாம்.

கடைசியா பெட்டி. இன்வெர்ட்டர்ல சின்ன காத்தாடி இருக்கும், வார்ப்பிரும்பு தூளை உறிஞ்சி சர்க்கியூட் மேல படிய விடும், லேத்து தலைக்கு பக்கத்துல வெக்காதீங்க. நாங்க எதிர் சுவத்துல ஒரு இரும்பு பெட்டிக்குள்ள வெச்சோம், வெக்கை தங்காத அளவுக்கு பெரிய பெட்டி, காத்து போற ஓட்டைக்கு பில்ட்டரு, வயர் நுழையிற ஓட்டை எல்லாம் ரப்பர் வெச்சு அடைச்சது, ஏன்னா நம்ம ஊருல இன்வெர்ட்டரை கொல்றது பாதி எறும்பும் பல்லியும், மீதி இடி. குமிழும் பட்டனும் மட்டும் வயர்ல லேத்து முன்னாடி வந்திருக்கு. பெட்டி கதவுக்கு உள்பக்கம் செட்டிங் எல்லாம் எழுதி ஒட்டியிருக்கேன், கீழே 20 ஹெர்ட்ஸ், மேல 75, கிளம்ப 4 செகண்டு, நிக்க 6. அதுக்கு கீழே பெரியப்பா மார்க்கர்ல அவரு கையெழுத்துல ஒரு வரி சேர்த்திருக்காரு: 1000 படியில 50-ஐ தாண்டாதே. சாயங்காலம் கிழக்கால வானம் கறுத்தா முதல்ல போயி அந்த மெயின் சுவிச்சை இறக்கிட்டுத்தான் கொடியில காயிற துணியை எடுக்க போறாரு, பெரியம்மாவுக்கு அதுல கொஞ்சம் கோபம்.